எட்டு ரூபாய் வடை

"சாமி, இன்னிக்கு மட்டும் பழைய எண்ணெயைக் கலந்துக்கட்டுங்களா?"

கேட்டவள் பவளாயி. செவ்வாய்ச் சந்தையில் இருபத்தாறு வருடமாகப் பருப்பு வடை போடுகிறவள்.

சாமி என்றது, சந்தையை ஒட்டிய மடத்தில் இருப்பவரை. அவளைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் அவரைக் கேட்காமல் அவள் எதுவும் செய்வதில்லை.

"எதுக்கு?" என்றார் சாமி.

"எதிர்க்கடை மாதேசு அஞ்சு ரூபாய்க்கு விக்கறான். என் வடை எட்டு. காலையில நாப்பது போட்டேன். பதினொண்ணுதான் போச்சு. போன வாரத்து எண்ணெய் ஒரு தூக்கு நிறைய இருக்குது. அதைக் கலந்தா நானும் அஞ்சுக்குக் குடுப்பேன்."

சாமி அவளுடைய முக்காலியைத் தூக்கினார். எதிர்க்கடைக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தாள்.

"நான் சொல்ற வரைக்கும் பேசக்கூடாது. திரும்பக்கூடாது."

பின்னால் மாதேசின் சட்டியில் வடை விழுந்தது. எண்ணெய் சொர்ரென்று பொங்கியது.

பவளாயி விரல்களை மடக்கினாள்.

"ஒம்பது போட்டிருக்கான்."

"பேசக்கூடாதுன்னேன்."

சட்டியின் இரைச்சல் மெல்ல இறங்கியது. மாதேசு யாரிடமோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தான்.

பவளாயியின் கால் ஆட ஆரம்பித்தது.

"சாமி..."

"கருகட்டுமே. உங்களுக்குத்தானே லாபம்?"

இரைச்சல் இன்னும் இறங்கியது.

அவள் எழுந்துவிட்டாள். திரும்பவில்லை.

"டேய் மாதேசு! வடையை எடுடா!"

கரண்டி சட்டியில் மோதும் சத்தம் கேட்டது.

"அட, ஆமாங்கக்கா! முதுகுல கண்ணா வெச்சிருக்கீங்க?"

"கண்ணு எதுக்கு? வெந்துட்டேன்னு வடையே சொல்லுது. நீதான் காதுல வாங்காம வாயடிக்கறே!"

அவன் கடை முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மாதேசும் சிரித்தான்.

சாமி பழைய எண்ணெய்த் தூக்கை எடுத்துக்கொண்டு மடத்தைப் பார்த்து நடந்தார்.

பவளாயி அதைத் திருப்பிக் கேட்கவில்லை. முக்காலியை நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

எதிர்க்கடையில் நின்றிருந்த தலைப்பாகைக்காரர் ஒருவர் இந்தப் பக்கம் வந்தார்.

"வடை எவ்வளவுங்க?"

"எட்டு."

"எதிர்ல அஞ்சுதானே?"

"அது நான் சொல்லி எடுத்தது," என்றாள் பவளாயி. "இது நானே எடுத்தது."