பப்பரப்புளியின் பிள்ளை

முன்னொரு காலத்திலே, மரங்களுக்கு வாய் இருந்தும் அவை பேச மனசில்லாமல் நின்ற காலத்திலே, கடலுக்கு நடுவே ஒரு மணல் தீவு இருந்தது. தீவுக்கு ஒரு ராசா. தீவின் மேற்குக் கரையில் ஒரே ஒரு பப்பரப்புளி மரம்.

கடலுக்கு அந்தப்பக்கம் பப்பர தேசம். அங்கிருந்து யாரோ ஒரு மாலுமி கன்றாகக் கொண்டுவந்து நட்ட மரம் அது. பின்னால் ஒரு யானை நின்றால் இந்தப்பக்கம் தெரியாது, அத்தனை பருமன். கோடையில் இலையெல்லாம் கொட்டிவிட்டு, வேரை ஆகாயத்தில் விட்டது போல நிற்கும். மழை கண்டால் விரல் விரித்த கை மாதிரி இலை விடும். அந்தியில் வெள்ளைப் பூ தலைகீழாக மலரும், வௌவால் வந்து தேன் குடிக்கும். பூ போனால் காய். பட்டுத்துணி சுற்றிய சுரைக்காய் போல இருக்கும். உடைத்தால் உள்ளே புளிப்பான வெள்ளை மாவு. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டால், அந்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் கருப்பட்டி போட்டுக் கொடுப்பார்கள். அதனால் தீவில் யாருக்கும் காய்ச்சலைப் பற்றிப் பயமில்லை.

அந்தத் தீவுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் முற்றத்தைப் பெருக்க வேண்டும், முளைத்ததையெல்லாம் பிடுங்க வேண்டும், வெறும் மணல் பளிச்சென்று தெரிய வேண்டும். முற்றத்தில் புல் முளைத்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். தீவிலேயே சுத்தமான முற்றம் வேலாச்சியுடையது. அம்மாவும் அப்பாவும் கடலோடு போய்விட்டார்கள். அவளுக்கு இருந்தது தங்கச்சி பூவாள் மட்டும்தான்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், அதுவரை பேசாத மரம் பேசியது.

"இத்தனை காலம் என் காயைத் தின்றீர்கள். என் பிள்ளை ஒன்றுகூட இந்த மண்ணில் இல்லை. பிள்ளையைக் காட்டு, காயைத் தருகிறேன்."

சொன்னதும் காயெல்லாம் இரும்பாக இறுகிவிட்டது. பார்த்துத்தான் வந்தது போல, அதே வாரம் தீவில் காய்ச்சல் வந்தது. பூவாளும் படுத்தாள்.

முதலில் ராசா கோடாலியோடு போனார். ஓங்கி வெட்டினார். கோடாலி வாய் மடங்கியதுதான் மிச்சம். மரம் சொன்னது: "பிள்ளையைக் காட்டு, காயைத் தருகிறேன்."

அடுத்து ஒரு வியாபாரி விரல் விரித்த இலையோடு ஒரு கன்றை எங்கிருந்தோ வரவழைத்து, பட்டுத்துணியில் சுற்றி எடுத்துப்போனான். மரம் சிரித்த சிரிப்பில் வௌவால்கள் எல்லாம் பறந்தன. இது இலவம் பெற்ற பிள்ளை, அதன் அம்மாவிடமே கொண்டுபோய் விடு என்றது. "என் பிள்ளையைக் காட்டு, காயைத் தருகிறேன்."

வேலாச்சி எங்கும் போகவில்லை. தங்கச்சிக்குச் சங்கில் கஞ்சித்தண்ணீர் ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தாள். மழை பெய்தது. பெருக்காத முற்றம் பச்சையாகிப்போனது.

பக்கத்து வீட்டு அலங்காரி அத்தை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏண்டி வேலாச்சி, ஆடு வளர்க்கப் போகிறாயா? மேய்ச்சல் நிலமெல்லாம் தயாராக இருக்கிறதே."

வேலாச்சிக்குச் சுருக்கென்றது. முற்றத்தில் இறங்கி வரிசையாகப் பிடுங்கினாள். ஒரு முளையில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். தண்டு தடியாக இருந்தது. இலையில் விரல் இல்லை, மாவிலை மாதிரி ஒற்றை இலை. ஆனால் அதன் தலையில், கழற்ற மறந்த தொப்பி போல, ஒரு கறுத்த கொட்டை ஓடு.

அந்த ஓடு அவளுக்குத் தெரிந்ததுதான். அக்காளும் தங்கச்சியும் புளிப்புச் சப்பிவிட்டு, யார் தூரத்தில் துப்புவது என்று போட்டி போட்ட கொட்டை அது. இலை வேறு மாதிரி இருந்ததால் களை என்று நினைத்து, மழை தோறும் தன் கையாலேயே பிடுங்கி எறிந்திருக்கிறாள். அவள் மட்டுமா, தீவு முழுவதும்.

அலங்காரி அத்தை வழியாகச் சேதி ராசாவுக்குப் போனது. ராசா ஆட்களோடு ஓடிவந்தார். உடனே பிடுங்கு, மரத்திடம் காட்டிவிட்டுக் காயை வாங்குவோம் என்றார்.

உள்ளே பூவாளின் மூச்சு அறுந்து அறுந்து கேட்டது. வேலாச்சியின் கை முளையின் கழுத்தில் இருந்தது. ஒரு இழுப்புதான். தூக்கிக்கொண்டு ஓடினால் போதும்.

கையை எடுத்துவிட்டாள்.

"பிடுங்கினால் செத்துப்போகும், ராசா. செத்த பிள்ளையை எந்தத் தாயிடம் கொண்டுபோய்க் காட்டுவது?"

"உன் தங்கச்சி சாகக் கிடக்கிறாள், பெண்ணே."

"தெரியும்."

எழுந்தாள். மேற்குக் கரைக்கு ஓடினாள். மரத்தின் முன்னால் வெறுங்கையோடு நின்றாள்.

"பிள்ளையைக் காட்டு, காயைத் தருகிறேன்" என்றது மரம்.

"கொண்டுவர மாட்டேன். இதுவரைக்கும் முளைத்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டவள் நான்தான். இதை மட்டும் பிடுங்க மாட்டேன். என் முற்றத்தில் இருக்கிறது. நீயே வந்து பார்."

வேர் விட்டது எப்படி வரும்? அப்போது பொழுது சாயத் தொடங்கியது. மரத்தின் நிழல் நீண்டது. மணலைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி, எந்த நிழலும் போகாத தூரம் போய், வேலாச்சியின் முற்றத்தில் ஏறியது. ஒற்றை இலை மேல் கை வைப்பது போல மெல்லப் படிந்தது. முளையில் கை வைக்காமல் அங்கேயே காத்திருந்த ராசாவும் ஆட்களும் விலகி நின்றார்கள்.

"அட, ஒற்றை இலை" என்றது மரம். "நானும் கப்பலில் வந்தபோது இப்படித்தான் இருந்தேன். வளர வளரத்தான் விரல் வந்தது. மறந்தே போயிருக்கிறேன் பார்."

கிளையெல்லாம் சிலிர்த்தது. இரும்புக் காய்கள் பட்டுக் காய்களாகிப் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அடைந்து கிடந்த மொட்டெல்லாம் ஒன்றாக மலர்ந்தது.

வேலாச்சி மடி நிறையப் பொறுக்கிக்கொண்டு ஓடிவந்து, மாவைக் கரைத்துச் சங்கில் ஊற்றினாள். முதல் சங்கு வழிந்துபோனது. இரண்டாம் சங்கு பாதி இறங்கியது. மூன்றாம் சங்குக்குப் பூவாள் கண்ணைத் திறந்து, "கருப்பட்டி போடலையா அக்கா?" என்றாள்.

ராசா அந்த முளையைச் சுற்றித் தன் கையாலேயே முள்வேலி கட்டினார். இனி மழைக்காலத்தில் எந்த முற்றத்தையும் பெருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆட்கள் ஆளுக்கொரு காயோடு தங்கள் வீட்டு நோயாளிகளிடம் போனார்கள்.

கடைசியாக அலங்காரி அத்தை மட்டும் நின்றாள். முளையைக் குனிந்து பார்த்தாள். வேலாச்சி கொடுத்த காயை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, ஒவ்வொரு அடிக்கும் மணலைப் பார்த்துப் பார்த்து, நுனிக்காலால் நடந்து தன் வீட்டுக்குப் போனாள்.