நாரையைப் பார்க்கப் போனவர்கள்

நொச்சிக்கேணிக்காரர்களுக்குச் சொன்ன சொல்லைத் தட்டத் தெரியாது. அதனாலேயே அந்த ஊரில் யாரும் யாருக்கும் வேலை சொல்வதில்லை. விவரம் தெரியாமல் வனத்துறை ஆபீசரம்மா சொல்லிவிட்டார்.

குளத்தைத் தூர்த்துக் கல்யாண மண்டபம் கட்டப் பேச்சு நடந்த மாசி மாதம் அது. "நாரை வருதுன்னு தெரிஞ்சா குளத்தைக் காப்பாத்திரலாம். காலையில போய்ப் பாருங்க, பின்னாலயே வர்றேன். பேசாதீங்க, அசையாதீங்க, பறவை கண்ணுல படாதீங்க" என்றார்.

இசக்கியின் எருமைகளுக்கு அந்தக் குளத்தை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. விடியுமுன்னே தளவாய் அண்ணாச்சியையும் கூட்டாளி பூலையாவையும் கிளப்பிவிட்டான்.

"மொதத் தடவை பாக்கப் போறோம். வெறுங்கையோடவா போறது?" என்றார் அண்ணாச்சி.

நியாயம்தானே. ஒரு சீப்புப் பழமும் மிக்சர் பொட்டலமும் வாங்கிக்கொண்டார்கள். பூவும் வாங்கலாம் என்றான் பூலையா. "நிச்சயம் பண்ணவாலே போறோம்?" என்று அண்ணாச்சி அதட்டியதும் விட்டுவிட்டான்.

கரையில் இசக்கிக்குப் பெரிய யோசனை வந்தது.

"அதுக கண்ணுல படாம எப்படி அண்ணாச்சி நிக்கது?"

"கண்ணை மூடுலே. எல்லாம் இருட்டாயிரும். இருட்டுல அதுக்கு என்ன தெரியும்?"

மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூடியபடியே ஓரடி முன்னால் வைத்த இசக்கி கரை சறுக்கி, வழுக்கிக்கொண்டே போய் நடுச்சேற்றில் இடுப்பளவு நின்றான். அசையக் கூடாதே என்று அப்படியே நின்றான். பூலையா மிக்சரைத் தின்றான். பேசத்தானே கூடாது.

இசக்கியின் தலையில் ஏதோ வந்து உட்கார்ந்தது. நகம் குத்தியது. சூடாக ஒன்று காதோரம் வழிந்தது. 'பறவை வந்திருச்சு, குளம் பொழச்சிருச்சு' என்று உள்ளுக்குள் பூரித்தான். சேறு நெஞ்சுக்கு ஏறியிருந்தது.

ஆபீசரம்மா வந்தார். தலையில் கொக்கு, பின்னால் கூட்டம் கூட்டமாக நாரை, நடுவில் சிலைபோல இசக்கி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோ எடுத்துக்கொண்டார். "குளம் தப்பிச்சுது! என்னா ஒரு ஈடுபாடு!" என்று கத்தினார். கொக்கு, நாரை எல்லாம் பறந்துவிட்டன. "தூரத்துல இருக்கதும் பக்கத்துல தெரியும்" என்று தன் பைனாகுலரை அண்ணாச்சிக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு, கலெக்டரிடம் சொல்ல ஓடினார்.

"அண்ணாச்சி, தூக்கிவிடுங்க!" என்றான் இசக்கி.

அண்ணாச்சி பைனாகுலரில் பார்த்தார். "பதறாதலே, மூக்குக்கு முன்னாலதான நிக்கே. கையைக் குடு."

இசக்கி கையை நீட்டினான். அண்ணாச்சி காற்றைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்து மல்லாக்க விழுந்தார்.

பூலையா பைனாகுலரைப் பிடுங்கி, தலைமாற்றிப் பிடித்துப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"நீங்க இழுத்த இழுப்புல அவன் எங்கயோ போயிட்டான் அண்ணாச்சி! எறும்பு கணக்கா தெரியுதான்!"

"எம்புட்டுத் தூரம் இருக்கும்?"

"கொழும்பு இருக்கும்."

கழுத்தளவு சேற்றிலிருந்த இசக்கி, அவ்வளவு தூரத்துக்கும் கேட்க வேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான்:

"அண்ணாச்சி! நல்லபடியா வந்து எறங்கிட்டேன்னு வீட்டுல சொல்லிருங்க!"