உப்புக்கிடங்குத் தெருவுக்குக் கண்ணீர் அஞ்சலி

சங்குக்கரைப் பக்கம் போனால் உப்புக்கிடங்குத் தெரு எது என்று யாரிடமும் கேட்க வேண்டாம். கேட்டால் சிரிப்பார்கள், வழி சொல்ல மாட்டார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

எண்ணூறு அடி நீளத் தெரு அது. கிழக்குக் கோடியில் பிள்ளையார் கோயில், நடுவில் அந்தோணியார் கோயில், மேற்குக் கோடியில் பள்ளிவாசல். உப்பு வியாபாரம் படுத்ததும் ஆட்கள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று கிளம்பிவிட்டார்கள். நூற்றுப்பத்து வீட்டில் எண்பத்தேழு வீட்டுக்குப் பூட்டு. ஆள் நடமாட்டம் இல்லாத தெரு, பூட்டிய வீடுகளை இடித்து லாரி நிறுத்தும் இடமாக்கப் போகிறோம், ஆட்சேபணை இருந்தால் இரண்டு மாதத்துக்குள் சொல்லலாம் என்று பேரூராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸைப் படித்துவிட்டு நாலு பேர் அழுதார்கள். பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா அம்பலவாணர். அந்தோணியார் கோயில் உபதேசியார் ஞானப்பிரகாசம். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் சேகு தாவூது. பஜனைக் குழுத் தலைவி பங்கஜவல்லி. நல்ல மனுஷர்கள். எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். அதுதான் கஷ்டமே.

அந்தச் சமயத்தில் ஒரு தொண்டு நிறுவனம் மூன்று நாள் பயிற்சி வகுப்பு நடத்தியது. கோயில், சர்ச், பள்ளிவாசல் ஆட்கள் ஒன்றுசேர்ந்து நலிந்த தெருக்களை எப்படித் தூக்கி நிறுத்துவது, பழைய பண்பாட்டை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. நாலு பேரும் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். பயிற்சியாளர் அமுதினி சொன்னதை எல்லாம் ஞானப்பிரகாசம் நோட்டில் எழுதிக்கொண்டார். நடுவில் அவர் தும்மியதையும் எழுதினார்.

"முதல்ல உங்க தெருவோட நாடியைப் பிடிச்சுப் பாருங்க. என்ன நிலைமைன்னு தெரிஞ்சுக்குங்க. பழைய பாட்டையெல்லாம் பதிவு பண்ணுங்க. வெளியூர் போனவங்களுக்குத் தகவல் சொல்லுங்க. எதைச் செஞ்சாலும் மூணு பேர் வழக்கத்தையும் மதிச்சுச் செய்யுங்க" என்றார் அமுதினி.

இதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நாலு பேரும் தெருவின் நடுவில் கூடினார்கள்.

"நாடி பார்க்கணும்னா கையைப் பிடிக்கணும். தெருவுக்குக் கை எது?" என்றார் அம்பலவாணர்.

"இடதுபக்கம் ஒரு சந்து, வலதுபக்கம் ஒரு சந்து. அதுதான் ரெண்டு கை" என்றார் சேகு தாவூது.

"ஆம்பளைக்கு வலது கை, பொம்பளைக்கு இடது கை பார்க்கணும். தெரு ஆணா, பெண்ணா?"

இதைப் பத்து நிமிஷம் யோசித்தார்கள். இத்தனை பேர் மிதித்தும் வாய் திறக்காமல் கிடந்ததால் பெண்தான் என்று பங்கஜவல்லி தீர்ப்புச் சொன்னாள். இடதுபக்கச் சந்து முனையில் சேகு தாவூது குப்புறப் படுத்து மூன்று விரலை மண்ணில் வைத்தார்.

"துடிக்குது!" என்று கத்தினார். "தட தடன்னு துடிக்குது!"

மற்ற மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. உண்மையில் துடித்தது சந்து முனை டீக்கடையின் தண்ணீர் மோட்டார். தொட்டி நிரம்பியதும் கடைக்காரர் அதை நிறுத்தினார்.

"நின்னுபோச்சே..." என்றார் சேகு தாவூது.

அம்பலவாணர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "பாய், அழுத்திப் பிடிச்சீங்களா? நல்லாத் துடிச்சிட்டிருந்த தெருவை நம்ம கையாலேயே கொன்னுட்டோமா?"

சேகு தாவூது விரலைப் பார்த்துப் பார்த்து அழுதார். ஞானப்பிரகாசம்தான் நிதானமாக யோசித்தார். சாக்கடை ஓரம் குனிந்து மூச்சு வருகிறதா என்று முகர்ந்தார். முகர்ந்தவர் துள்ளி நிமிர்ந்தார்.

"பாய், அழாதீங்க. உங்க மேல தப்பில்லை. இது செத்துப் பல நாள் ஆச்சு. நாத்தம் எடுத்துடுச்சு."

எல்லோருக்கும் பெரிய நிம்மதி.

அடுத்து அடக்கம். மூன்று பேர் வழக்கத்தையும் மதிக்க வேண்டும் என்று நோட்டில் இருக்கிறதே. அம்பலவாணர் எரிக்க வேண்டும் என்றார். மற்ற இரண்டு பேரும் புதைக்க வேண்டும் என்றார்கள். எரித்தால் கருகும், புதைத்தால் நடக்க முடியாது, நாம் எப்படி வீட்டுக்குப் போவது என்று பங்கஜவல்லி கவலைப்பட்டாள். மத்தியானச் சாப்பாடு வரை விவாதம் நடந்தது.

கடைசியில் ஞானப்பிரகாசம் கேட்டார். "தெரு எதிலே கிடக்கு?"

"மண்ணுல."

"அப்போ புதைச்சாச்சு. தெருமுனைக் குப்பையிலே தினமும் என்ன எரியுது?"

"நெருப்பு."

"அப்போ எரிச்சும் ஆச்சு. காரியம் மட்டும்தான் பாக்கி."

இப்படி ஒரு மூளையா என்று அம்பலவாணர் அவரைக் கட்டிக்கொண்டார்.

வெளியூர் போனவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே. நேராக பிளெக்ஸ் கடைக்குப் போய்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போடச் சொன்னார்கள். கடைக்காரர் எத்தனையோ சாவைப் பார்த்தவர். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இறந்தவர் பேரு?"

"உப்புக்கிடங்குத் தெரு."

"விலாசம் அப்புறம் சொல்லுங்க. பேரு?"

"பேரும் விலாசமும் ஒண்ணுதான்."

"வயசு?"

"வெள்ளைக்காரன் காலத்துப் பிறவி."

"நல்ல சாவு. கொடுத்து வெச்சவர். போட்டோ?"

வேப்பமரம் பூத்திருந்தபோது எடுத்த படம் ஒன்று பங்கஜவல்லியிடம் இருந்தது. சிரித்த முகமாக இருக்கட்டும் என்று அதையே கொடுத்தாள். இப்படியாகப் போஸ்டர் வந்தது. மறைவு: செவ்வாய், காலை 9.40. இப்படிக்கு, வருந்தும் உடன்பிறப்புகள்: கீழவீதி, மேலவீதி, வண்ணான்துறைச் சந்து.

ஒருத்தர் அதைப் போனில் படம் எடுத்து அனுப்பினார். படம் திருப்பூர் போனது, சென்னை போனது, கடல் தாண்டியும் போனது. போகிற வழியில் ஓரங்கள் வெட்டுப்பட்டு, 'உப்புக்கிடங்குத் தெரு' என்பதும் 'காலமானார்' என்பதும் மட்டும் மிஞ்சின. தெருவில் யாரோ செத்துவிட்டார்கள், யார் என்று தெரியவில்லை. ஆளுக்கொரு சித்தப்பாவை, அத்தையை, கூடப் படித்தவனை நினைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

வியாழக்கிழமை காலை தெரு முனையில் இருநூறு பேர் மாலையும் கையுமாக நின்றார்கள். பனியன் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற மதலைமுத்து, பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அழுதுகொண்டு வந்தார்.

"உடம்பு எங்கே?" என்றார்.

"நீங்க அது மேலேதான் நிக்கிறீங்க" என்றார் அம்பலவாணர்.

மதலைமுத்து அலறிக்கொண்டு துள்ளினார். துள்ளி மறுபடியும் அதன் மேலேயே விழுந்தார்.

விஷயம் புரிந்ததும் கூட்டத்துக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. மாலையைச் சுழற்றி அடிக்கக்கூட வந்தார்கள். ஆனால் திரும்பிப் போக அன்றைக்கு பஸ் கிடைக்கவில்லை. பங்கஜவல்லி வேறு இருநூறு பேருக்கு வடித்துக் கொட்டியிருந்தாள். பசி வந்தால் கோபம் எங்கே நிற்கும்? சாப்பிட்டார்கள். படுக்க இடம் வேண்டுமே என்று பூட்டைத் தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்தார்கள். உள்ளே பார்த்துவிட்டு வெளியே வந்து துடைப்பம் கேட்டார்கள்.

சாயங்காலம் பங்கஜவல்லி தெருவின் நடுவில் உட்கார்ந்து தலையை விரித்துப் போட்டு ஒப்பாரி வைத்தாள். வேடிக்கைக்கு அல்ல. அவள் நிஜமாகவே அழுதாள்.

"உப்பு வண்டி நூறு வந்தா – என்னைப் பெத்த தெருவே
ஒதுங்க எடம் தந்தாயே!
குப்பை வண்டி வந்து நின்னா – என்னைப் பெத்த தெருவே
கூப்பிடவும் நாதியில்லே!"

கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து தோளில் கை போட்டு உட்கார்ந்தார்கள். அவரவர் வீட்டு வாசல், சந்தனக்கூடு ஊர்வலம் வந்த வழி, அந்தோணியார் தேர் அச்சு முறிந்த இடம், பிள்ளையாருக்கு சேகு தாவூதின் வாப்பா பந்தல் போட்டுக் கொடுத்தது என்று ஆளுக்கு ஓரடி பாடினார்கள். தேர் அச்சு முறிந்தது ஆறாம் நம்பர் வீட்டு முன்னாலா, எட்டாம் நம்பர் வீட்டு முன்னாலா என்று நடுவில் ஒரு சண்டை. சண்டையையும் ராகத்திலேயே போட்டார்கள். மதலைமுத்து ஒரு தூணில் சாய்ந்து, இந்த முறை யாருக்கென்று தெரிந்தே அழுதார்.

மறுநாள் ஞானப்பிரகாசம் நோட்டைப் புரட்டினார். "பழைய பாட்டைப் பதிவு பண்ணணும்னு மேடம் சொல்லியிருக்காங்க." நாலு பேரும் பாட்டை எழுதி எடுத்துக்கொண்டு பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். வாசலில் இருந்த பத்திர எழுத்தர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"என்ன சொத்து?"

"ஒப்பாரி."

அவருக்குக் காது மந்தம். அது ஏதோ கிராமத்துப் பெயர் என்று நினைத்துக்கொண்டார். "நாலெல்லை சொல்லுங்க."

அம்பலவாணர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "கிழக்கே தாலாட்டு. மேற்கே நலுங்குப் பாட்டு. வடக்கே கும்மி. தெற்கே ஒண்ணும் கிடையாது, அழுகைதான்."

"வில்லங்கம் ஏதாவது உண்டா?"

பங்கஜவல்லி தயங்கினாள். "பதினேழாவது அடியிலே ஒண்ணு இருக்குங்க. அதுல ஒரு மாமியாரைத் திட்டி வருது. அந்தம்மா இப்போ ஊருக்கு வந்திருக்காங்க."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். அன்று அவர் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

பாட்டு பதிவாகாவிட்டால் என்ன, காரியம் நிற்குமா? ஞானப்பிரகாசம் ஏழாம் நாள் ஜெபம் வைத்தார். அம்பலவாணர் பதினாறாம் நாள் வைத்தார். சேகு தாவூது நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதவேண்டும் என்றார். லீவில் வந்தவர்கள் போய்விட்டு ஒவ்வொரு காரியத்துக்கும் திரும்பி வந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள், இத்தனை தடவை அலைவானேன் என்று தங்கிவிட்டார்கள். ஒவ்வொரு காரியத்துக்கும் முன்னால் வெள்ளையடித்தார்கள். சாக்கடையைத் தூர்வாரினார்கள். விருந்தாளிகளுக்கென்று இன்னொரு டீக்கடை வந்தது. அதற்குப் போட்டியாக ஒரு பரோட்டாக் கடை வந்தது. மாலை நேரத்தில் அந்த ஒப்பாரியைப் பெண்கள் கும்மி மெட்டில் போட்டு ஆடினார்கள். துக்க வீட்டில் கும்மியா என்று அம்பலவாணருக்கு மனசு பொறுக்கவில்லை. பெண்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாற்பத்தோராம் நாள் அமுதினியும் பேரூராட்சிச் செயல் அலுவலரும் வந்து இறங்கினார்கள். எழுபத்தொரு வீடு திறந்து கிடந்தது. வாசலுக்கு வாசல் ஆள். அமுதினி ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எப்படிங்க செஞ்சீங்க? தெருவுக்கு உயிர் வந்துடுச்சே!"

நாலு பேர் முகமும் வெளுத்தது.

"உயிர் வந்துடுச்சா?" என்றார் சேகு தாவூது மெல்ல. "நேத்துத்தானே மேடம் நாற்பதாம் ஃபாத்திஹாவே முடிச்சோம்!"

"அவசரப்பட்டுட்டோம்" என்றார் ஞானப்பிரகாசம்.

பங்கஜவல்லி சட்டென்று தெருவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து நின்றாள். இத்தனை நாளும் மேலே நின்று மிதித்ததற்குக் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

செயல் அலுவலர் நல்ல மனுஷர். இனிமேல் லாரி நிறுத்தும் இடம் என்ற பேச்சே கிடையாது என்று அங்கேயே சொன்னார். கூட்டம் கை தட்டியது. மதலைமுத்து பிள்ளையாருக்குத் தேங்காயும், அந்தோணியாருக்கு மெழுகுவத்தியும், பள்ளிவாசலுக்கு நாட்டுச் சர்க்கரையும் வாங்க ஓடினார்.

"ஒரே ஒரு சிக்கல்தான்" என்று சிரித்தார் அலுவலர். "உங்க போஸ்டரைப் பார்த்துட்டு எங்க ஆபீஸ்ல ஒரு புண்ணியவான் தெருவைப் பட்டியல்லேயிருந்து அடிச்சுட்டார். 'காலமாகிவிட்டது'ன்னு எழுதியும் வெச்சுட்டார். பென்ஷன்காரங்க வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு காட்டணும் இல்லையா, அந்த மாதிரி உங்க தெருவும் நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போட்டாத்தான் திரும்ப ஏத்துவார் போலிருக்கு!"

சொல்லிவிட்டு அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். அமுதினியும் சிரித்தார். கூட்டமே சிரித்தது. நாலு பேர் மட்டும் சிரிக்கவில்லை. ஞானப்பிரகாசம் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கடப்பாரை விழும் சத்தம் கேட்டு மதலைமுத்து வாசலுக்கு ஓடிவந்தார். கிழக்குக் கோடியில் சேகு தாவூதும் ஞானப்பிரகாசமும் தெருவின் ஓரத்தை நெம்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு டிராக்டர் நின்றது. ஓட்டுநர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"எண்ணூறு அடி இருக்கும் போலிருக்கே. என் வண்டியிலே ஏறாதுங்க."

"மடிச்சா ஏறும்" என்றார் அம்பலவாணர்.

"மெதுவா மடிங்கண்ணே" என்றாள் பங்கஜவல்லி, தலைக்கு வைக்க ஒரு தலையணையோடு ஓடிவந்து. "நாப்பது நாள் படுத்துக் கிடந்த உடம்பு."