முத்திரைக்குள் இருந்த கிளி

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றில், வழக்குக் கேட்டே சலித்துப்போன அரசன் ஒருவன் இருந்தான். அந்நாட்டு வணிகர் ஆனந்தராயரின் கப்பல் மூழ்கியது, அவரும் நொடித்துப்போனார். கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டுத் தருவதற்காக, அவருடைய வீட்டையும் பொருளையும் திருவேங்கடத்தார் என்ற அதிகாரியின் காப்பில் விட்டான் அரசன். ஆளாளுக்கு வழக்குப் போட்டு அந்தக் காப்பாளரைத் தொல்லை செய்யாதிருக்க ஓர் ஆணையும் பிறந்தது: காப்பாளர் மீது வழக்குத் தொடுக்க வேண்டுமானால், அரசன் அரியணையில் அமர்ந்து முதலில் அனுமதி தரவேண்டும். நல்ல ஆணைதான். ஆனால் அனுமதி கேட்டு வந்தவர்களைப் பார்க்கவும் அரசனுக்குச் சலித்தது. "எல்லாம் பௌர்ணமிக்குப் பிறகு" என்றுவிட்டான்.

சபை வாசலில் ஆவுடையாள் என்றொருத்தி தினமும் வந்து நின்றாள். ஒருநாள் அரசவை விகடன் சொக்கப்பன் அவளைப் பார்த்து நின்றான்.

"என்னம்மா வேணும் உனக்கு?"

"என் கிளி வேணும் சாமி. என் வீட்டுக்காரரு அந்தக் கப்பல்லதான் போனாரு. அக்கரைத் துறையில ஏதாச்சும் சேதி கிடைக்குமான்னு கேக்கப் போகையில, ராயரு வீட்டம்மாகிட்ட கிளிய விட்டுட்டுப் போனேன். திரும்பி வந்தா கதவுல முத்திரை. பௌர்ணமிக்கு முந்தின சந்தையில ஏலமாம்."

"வேற கிளி வாங்கித் தரவா?"

அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

"அது அவரு குரல்ல பேசும்" என்றாள் பிறகு.

சொக்கப்பன் சபையில் பேச்சை எடுத்தான். அரசன் இவனோடு மட்டும் சிரிக்கிறானே என்று நெடுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த திருவேங்கடத்தார் எழுந்தார்.

"பிரபு, முத்திரையிட்ட கதவுக்குள் இருப்பவை எல்லாம் என் காப்பில் உள்ளவை. எது யாருடையது என்று நான் பார்ப்பதில்லை. தாங்கள் அரியணையில் அமர்ந்து அனுமதி தராமல் ஓர் எறும்பும் வெளியே வராது. விகடம் செய்பவருக்கு இது விளங்காது."

"அவர் சொன்னதே சட்டம். மீறி முத்திரையை உடைப்பவனுக்குக் கை போகும்" என்றான் அரசன்.

"விளங்கியது" என்று சொக்கப்பன் வணங்கினான். "ஏலம் போகும்முன் அந்தக் கிளியின் பேச்சை மன்னர் ஒருமுறை கேட்கலாமே."

அரசனுக்கு ஆசை வந்தது. அரியணையிலிருந்தே அனுமதி தந்துவிட்டுப் புறப்பட்டான். திருவேங்கடத்தார் கதவைத் திறந்துவிட்டு வாசலில் நின்றார். அரசனும் தானும் உள்ளே போனதும் சொக்கப்பன் திரும்பிப் பார்த்தான்.

"கதவு முத்திரையில்லாமல் கிடக்கிறதே, காப்பாளரே. எறும்பு ஓடிவிடாதா?"

குத்தல் உறைத்தது. அவர் வெடுக்கென்று கதவைச் சாத்தி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்.

கிளி பேசவில்லை. அரசனுக்குப் புழுங்கியது. "கதவைத் திறங்கள்" என்றான்.

திருவேங்கடத்தார் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "பிரபு, அனுமதியில்லாமல் திறந்தால் என் கை..."

"நான்தானே அனுமதி தருகிறேன்."

"அரியணையில் அமர்ந்து தரவேண்டும், மன்னா" என்றான் சொக்கப்பன், ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தபடி. "அரியணை வெளியே இருக்கிறது. நாம் காப்பில் இருக்கிறோம்."

"அப்படியானால் அவர்மீதே வழக்குப் போடுவேன்."

"அதற்கும் அனுமதி வேண்டும்."

"யாரிடம்?"

"தங்களிடம்தான். பௌர்ணமிக்குப் பிறகு."

அரசன் கோபத்தில் கதவைத் தட்டினான். அந்தச் சத்தத்துக்கு, மூலைக் கூண்டில் இருந்த கிளி சிலிர்த்துக்கொண்டது. கரகரத்த ஆண்குரலில், "ஆவுடை, கதவத் தெற. நான்தான் வந்திருக்கேன்" என்றது.

அரசன் கையை எடுத்தான். "யார் குரல் இது?"

"கப்பலோடு போனவனுடையது. இதைக் கேட்கத்தான் ஒருத்தி தங்கள் வாசலில் நிற்கிறாள்."

அரசன் மெதுவாக இன்னொரு முறை தட்டினான். கிளி மறுபடியும் சொன்னது.

பிறகு அரசன் மெல்லச் சிரித்தான். சிரிப்பு பெரிதாகிக் கண்ணில் நீர் வந்தது. "நான் போட்ட பூட்டுக்குள் என்னையே இருத்திவிட்டாயே. போவது என் கையாகவே இருக்கட்டும்" என்று தோளால் கதவை மோதினான். முத்திரை உடைந்தது.

அன்றே ஆணை மாறியது. அனுமதி வேண்டும், ஆனால் கேட்டவரை அன்றைக்கே அழைத்து விசாரிக்க வேண்டும். நொடித்தவருக்குச் சொந்தமில்லாத பொருள் காப்பில் சேராது. திருவேங்கடத்தார் தம் கையாலேயே கூண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சொக்கப்பனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது.

ஆவுடையாள் கூண்டை அணைத்துக்கொண்டாள். "கதவு தட்டுற சத்தம் கேட்டாத்தான் இது பேசும் சாமி" என்றாள். "தட்டத்தான் ஆளில்ல."

அன்று பொழுது சாய, சால்வையோடு வீடு திரும்பும் வழியில், சொக்கப்பன் அவள் கதவை ஒருமுறை தட்டிவிட்டு நிற்காமல் நடந்தான்.