வேப்பெண்ணெய் கொல்லாத புழு

ஒரு கடலைக்காட்டு வரப்பில் ஒருநாள் இரண்டு புட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்று கடையில் வாங்கிய பூச்சிமருந்து. மற்றது வேப்பெண்ணெய்.

காட்டுக்காரி மருதாயி. அவளுடைய கடலைச்செடிகளைப் பச்சைப் புழு மொட்டையடித்துக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் விட்டால் காய் பிடிக்காது.

"நான் காலையில் இறங்கினால் மத்தியானத்துக்குள் கதை முடியும்," என்றது மருந்து. "நீ என்ன செய்வாய்?"

"எனக்கு அத்தனை சாமர்த்தியம் கிடையாது. கசப்பேன்," என்றது எண்ணெய்.

மருந்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் மருதாயி எண்ணெயைத்தான் எடுத்தாள். போன வருஷம் மருந்தடித்த கடலைக்கொடியைத் தின்ற கறவை மாடு இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பயம் அவளை இன்னும் விடவில்லை. எண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலக்கி, சாயங்காலம் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளித்தாள்.

மறுநாள் காலை புழுக்கள் உயிரோடு நெளிந்தன.

"பார், நான் சாகவில்லை!" என்றது கொழுத்த புழு ஒன்று.

"சந்தோஷம். அப்படியே ஒரு வாய் சாப்பிடேன்," என்றது இலைமேல் படிந்திருந்த எண்ணெய்.

புழு வாயை வைத்தது. உடனே எடுத்தது. அடுத்த இலைக்கு ஊர்ந்து போனது. அங்கேயும் அதே கசப்பு.

அதற்குள் மருதாயியின் புருஷன் காத்தமுத்து வந்துவிட்டான். பொறுமைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம்.

"என்ன புள்ள, ஒண்ணுகூடச் சாகல! உன் எண்ணெய விளக்குக்கு ஊத்து," என்றபடி மருந்துப் புட்டியின் மூடியில் கை வைத்தான்.

மருந்து அவனைவிட அவசரத்தில் இருந்தது. எண்ணெய் என்ன கத்தினாலும் மனுஷர் காதில் விழாது. பாவம், அதற்கு அழுகையே வந்துவிட்டது.

"கொஞ்சம் இருங்க," என்றாள் மருதாயி. "புழுவ விடுங்க, எலையப் பாருங்க. நேத்து தெளிச்சதுக்கப்புறம் புதுசா ஒரு ஓட்ட இருந்தாக் காட்டுங்க. நானே மூடியத் தொறந்து தாரேன்."

அவன் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தான். பழைய ஓட்டைகளின் ஓரம் காய்ந்திருந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது குரலில் சுருதி குறைந்திருந்தது.

"இருந்தாலும் ஒண்ணும் சாகலையே, புள்ள."

"நாம என்ன பொணத்தையா அறுவடை பண்ணப் போறோம்?" என்றாள் மருதாயி.