முள் கீழே விழுந்த படம்

"எந்தக் கேமரா நல்ல கேமரா, டீச்சர்?"

ஜெபக்கனி டீச்சரின் மேசைமேல் மூன்று கேமராக்களை வைத்துவிட்டு தளவாய் கேட்டான். அவனுக்குச் சொந்தமாக ஸ்டூடியோ உண்டு. தொழில் கற்றது இவரிடம். டீச்சரைவிட வயதில் மூத்தவன் என்பதால் அவர் அவனை அண்ணாச்சி என்பார். திட்டும்போதும் அண்ணாச்சிதான்.

"மூணுக்கும் என்ன குறை?"

"இது பழசு. உள்ளே ஒரு முள் ஆடும். வெளிச்சம் எவ்வளவுன்னு அது சொல்லும்; நடுவுல நின்னா சரியான அளவு. அடுத்ததுல முள் இல்லை, சிவப்பு விளக்கு. நடுவுல இருக்கிறதைத்தான் கூடுதலா அளக்கும். மூணாவது, படம் முழுக்க அதுவே அளந்துக்கும். மோட்டார் வேற. விரலை வச்சாப் போதும், தறி மாதிரி தடதடன்னு பிலிம் ரோல் ஓடிரும்."

"பிறகென்ன?"

"மூணும் பொய் சொல்லுது, டீச்சர்."

பின்னால் நின்ற அவன் தங்கை வடிவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் சொல்லுதேன், டீச்சர். அண்ணன் எடுத்த என் படத்தை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினோம். வந்தாங்க. கேசரியைத் தின்னாங்க. படத்தைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. 'படத்துல செவப்பா இல்ல இருந்துச்சு'ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

வடிவு நல்ல கறுப்பு. அவள் அதை யாரிடமும் மறைத்ததில்லை.

"நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் படம் போகுது. அதுலயும் நான் வேற ஆளா இருந்தா, இனி எவன் முன்னாலயும் காபித் தட்டோட வந்து நிக்க மாட்டேன். சத்தியம்."

தளவாய்க்கு முகம் செத்துவிட்டது.

"வேணும்னா செஞ்சேன்? மீட்டர் சொன்னதைத்தான் வச்சேன். ஒண்ணு தப்பினாலும் ஒண்ணு உதவுமேன்னு மோட்டார்ல ரோல் முழுக்க எடுத்தேன்."

"ஒரே பொய்யை ரோல் முழுக்கச் சொல்லியிருக்கீங்க, அண்ணாச்சி."

டீச்சர் மூலையில் கிடந்த கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தார்.

"அளங்க."

பழைய கேமராவில் அவன் லென்ஸ் வளையத்தைத் திருப்பி முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தான்.

"இப்ப இந்த வெள்ளைச் சுவரை அளங்க."

மறுபடியும் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தான்.

"ரெண்டும் படத்துல என்ன நிறமா விழும்?"

தளவாய் குடையையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ரெண்டும் சாம்பல். கறுப்பு வெளுத்துரும், வெள்ளை மங்கிரும்."

டீச்சர் குடையை மடக்கினார்.

"அப்ப எதுதான் நல்ல கேமரா?" என்றான்.

விளக்கு கேமராவையும் மோட்டார் கேமராவையும் டீச்சர் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வெளியே வாங்க."

முற்றத்து வேப்ப நிழலில் வடிவை நிறுத்தினார்.

"கையை விரி, தாயி."

வடிவு உள்ளங்கையை விரித்தாள். டீச்சர் மாநிறம். அவர் தன் உள்ளங்கையை அதன் பக்கத்தில் நீட்டினார். தளவாயின் கையையும் இழுத்து வைத்தார். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தன.

"அவ கையை அளங்க. உள்ளங்கை சாம்பலைவிட வெளுப்பு, அதனால வெளிச்சத்துக்கு ஒரு படி கூடத் திறங்க. அதோட நிறுத்துங்க."

அளந்தான். வளையத்தை ஒரு படி திருப்பினான். கேமராவை அவள் முகத்துக்கு உயர்த்தினான்.

முள் சரிந்து கீழே விழுந்தது. வெளிச்சம் போதாது என்றது.

பழகிய விரல்கள். முள்ளை நடுவுக்குக் கொண்டுவரத் தாமாகவே வளையத்துக்குப் போயின. அவன் டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். டீச்சர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொடாத, அண்ணே."

வடிவு அசையாமல் நின்றாள். கண் லென்ஸிலேயே இருந்தது.

"எனக்கு இது போதும்."

முள் கீழேயே கிடந்தது. அவன் ஒரே ஒரு தடவை அழுத்தினான்.