‘நான் மட்டும்’ ஏன் விற்கவில்லை?

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் ராயபுரம் போய்த் தணிகாசலத்தின் சலூனில் விசாரித்துக்கொள்ளலாம். விசாரித்தால் இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும்.

இடி ரெஜியை அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. ஒரு காலத்தில் ‘இடிமுழக்கம்’ ராக் குழுவில் அவர் மைக்கைப் பிடித்தால் கல்லூரிப் பெண்கள் மயங்கி விழுவார்கள் என்பது அவரே தருகிற தகவல். இப்போது வயது எழுபதை நெருங்குகிறது. தோல் ஜாக்கெட்டுக்குள் தொப்பை அடங்க மறுக்கிறது. தலையில் சிவப்புக் கைக்குட்டை, பின்கழுத்தில் ஒரு எலிவால் ஜடை, நெஞ்சில் புரளும் நரைத்த தாடி. குழுவில் இருந்த மற்றவர்கள் பேரன் பேத்திகளைக் கொஞ்சப் போய்விட, இவர் மட்டும் மனைவி ஃபிலோமினா தலையில் அடித்துக்கொண்டு தடுத்தும் கேட்காமல் ‘நான் மட்டும்’ என்று ஒரு தனி ஆல்பம் போட்டார். வாங்கியவர்கள் அத்தனை பேரையும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அப்புறமும் டிரைவர் ஆள் சேரக் காத்திருப்பார்.

விற்காததுகூட ரெஜிக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. வாங்கியவர்களிலும் ஒருத்தர்கூட முழுசாகக் கேட்கவில்லை என்பதுதான் வலித்தது. கடைசிப் பாட்டில் உயிரையே வைத்திருந்தார் மனுஷன். யாராவது அதுவரை கேட்டுவிட்டால் போதும், பிறகு காறித் துப்பினாலும் சரி என்ற நிலைக்கு வந்திருந்தார். அதற்கு மிச்சமிருந்த ஒரே வழி இந்தச் சலூன். அங்கே ஒரு சட்டம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கேட்கிற பாட்டுதான் ஓடும். துணியை உதறி அவர் எழுந்தால் அவர் பாட்டும் நின்றுவிடும். பெஞ்சில் காத்திருப்பவர் எம்.எல்.ஏ.வாகவே இருந்தாலும் பாட்டு விஷயத்தில் வாய் திறக்கக் கூடாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாற்காலியில் ஐஸ் ஃபாக்டரி சம்பந்தம், முகம் முழுக்கச் சோப்பு நுரை. பெஞ்சில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயரான வரதராஜுலு. ரெஜி சிடியை எடுத்துச் சம்பந்தத்தின் கண்ணுக்கு நேராக நீட்டினார்.

“இதைப் போடச் சொல்லு மேன்.”

“நல்ல பழைய பாட்டா ஓடினுகீதுண்ணே. அது இன்னா, விக்கவே இல்லியாமே?”

“விக்கலையா? எப்படி மேன் விக்கும்? ஒருத்தன் வாங்கினா ஊரே கேக்குது, அப்புறம் ரெண்டாவது ஆளு எதுக்கு வாங்குவான்? காசிமேட்டுல ஒருத்தன் போட்டான், எண்ணூர்ல டான்ஸ் ஆடினாங்க.”

வரதராஜுலு பேப்பரை இறக்கினார். “நான் காசிமேட்டுலதான் இருக்கேன் ரெஜி. எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

“உனக்கு எப்படிக் கேக்கும்? சவுண்டு உன் தலைக்கு மேல போயிடுச்சு. ரெக்கார்டிங் அன்னிக்குக் கிடார்ல ஒரே ஒரு கம்பியைத் தட்டினேன், ஹார்பர்ல நின்ன கப்பலெல்லாம் பதிலுக்கு ஹாரன் அடிச்சுது. ஒரு கப்பல் நங்கூரத்தைப் பிச்சுக்கினு ஸ்டுடியோவுக்கே கிளம்பிடுச்சு.”

“ஸ்டுடியோ வடபழனில இல்ல இருக்கு? கப்பல் எந்த ரூட்ல வந்துச்சு?”

ரெஜி கண்கூடச் சிமிட்டவில்லை. “கூவம் வழியா. அரும்பாக்கம் வரைக்கும் வந்து, நாத்தம் தாங்காம திரும்பிப் போயிடுச்சு.”

சம்பந்தம் குலுங்கிச் சிரிக்க, தணிகாசலம் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். “ஆடாதய்யா, காது போயிடும்.”

“சிரிங்க மேன். போன வருஷம் புயல் வருதுன்னு ஸ்கூலுக்கெல்லாம் லீவு வுட்டாங்களே, வந்துச்சா? மொட்டை மாடில நின்னு கடைசிப் பாட்டைப் பாடினேன். நடுக்கடல்ல நின்னு கேட்டுச்சு, தேம்பித் தேம்பி அழுதுச்சு, அப்படியே ஆந்திரா பக்கம் போயிடுச்சு.”

“புயல் அழுதுச்சா?” என்றார் தணிகாசலம்.

“பின்ன அன்னிக்குத் தூறல் எங்கேர்ந்து வந்துச்சு?”

“பயந்து ஓடிச்சுன்னு சொல்லு,” என்றார் வரதராஜுலு. “அதுன்னா நம்புறேன்.”

ரெஜிக்குச் சுருக்கென்றது. ஆனால் புளுகு என்பது இறக்கத்தில் விட்ட சைக்கிள். பிரேக் பிடித்தால்தான் விழுவோம். அவர் இன்னும் மிதித்தார்.

“கல்லறைத் தோட்டத்துல ஒரு பெரியவரை அடக்கம் பண்ண எடுத்தாந்தாங்க. பக்கத்து வீட்ல எவனோ என் சிடியைப் போட்டான். பெட்டிக்குள்ளேர்ந்து தாளம் தட்டுற சத்தம்! திறந்து பார்த்தா, பெரியவர் எழுந்து உக்காந்து, ‘யாரு பாடுறது?’ன்னு கேட்டார்.”

“அப்புறம்?”

“என் பேரைச் சொன்னாங்க.” ரெஜி ஒரு கணம் நிறுத்தினார். அடுத்த வரி பெருமையாக வந்திருக்க வேண்டும். வாயில் வேறு என்னமோ வந்துவிட்டது. “மறுபடியும் படுத்துக்கினாரு.”

சலூனே அதிர்ந்தது. ரெஜியும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும். அதில் கொஞ்சம் சிரிப்பில் சேராத தண்ணீர் என்பது அவருக்கு மட்டும் தெரியும். சவரம் முடிந்ததும் சம்பந்தம் முகத்தைத் துடைத்து, ரெஜி தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். சிடி கையிலேயே இருந்தது.

அடுத்த முறை வரதராஜுலுவுடையது. அவர் எழுவதற்குள் ரெஜி போய் நாற்காலியில் உட்கார்ந்தார். குழு ஆரம்பித்த நாளிலிருந்து கத்தரிக்கோலைக் கிட்டே சேர்க்காத தலை அது. சிங்கம் பிடரியை வெட்டிக்கொள்ளுமா என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், சிடியைத் தணிகாசலத்திடம் நீட்டினார்.

“வெட்டு மேன். ஆனா மொதல்லேர்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் ஓடணும்.”

தணிகாசலம் பயபக்தியோடு கைக்குட்டையை அவிழ்த்தார். உச்சியில் வெறும் பொட்டல். அதைச் சுற்றி ஓரமாக நாலு இழை, அத்தனையும் சேர்ந்துதான் அந்த எலிவால். அவர் தலையைப் பார்த்தார், சிடியைப் பார்த்தார்.

“அண்ணே, தப்பா நெனைக்காத. இருக்கிற முடிக்கு, சிடில நீ வாயைத் தொறந்து பாட ஆரம்பிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்.”

ரெஜி கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றினார்.

“தாடியைச் சேத்துக்க. மீசையைச் சேத்துக்க. அக்குளையும் சேத்துக்க மேன்.”

பெஞ்சில் வரதராஜுலு பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“தணிகாசலம், எனக்கு அவசரமில்ல. அந்த மொண்ணைக் கத்தியை எடு.”